சிப்பத்தின் எடையும் ஆலைச் சுவரில் தொங்க வேண்டிய தாளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா ஆலைகளிலிருந்து வரும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தில் எடை குறைகிறது என்று வாசகர்கள் அவ்வப்போது இந்தப் பகுதியில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு சிப்பமும் மின்தராசில் ஏறி இறங்கித்தான் தையலுக்குப் போகிறது என்கிறார்கள் ஆலைக்காரர்கள். இரு தரப்பு சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இதை அறுதியிட்டுச் சொல்லும் கருவி விலை உயர்ந்தது அல்ல. ஒரு கட்டம் போட்ட தாள், ஒரு அளவுகோல், இரண்டு நிறப் பேனா, அவ்வளவுதான். தொழிற்சாலைகளில் அதைக் கண்ட்ரோல் சார்ட் என்பார்கள். நம் ஊர் ஆலைகளில் எடையை நோட்டில் எழுதும் பழக்கம் உண்டு, புள்ளி வைத்துப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. எழுதி மூடிவைத்த நோட்டு எதையும் காட்டிக்கொடுக்காது.

1924 மே 16 அன்று அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் தன் மேலதிகாரிக்கு எழுதிய ஒரு சிறு குறிப்பில்தான் இந்தச் சார்ட் முதன்முதலில் வரையப்பட்டது. எந்த இயந்திரமும் ஒரே அளவைத் திரும்பத் திரும்பத் தராது. அதற்கென்று இயல்பான ஓர் ஆட்டம் உண்டு. அந்த ஆட்டத்துக்குள் இருக்கும் வரை இயந்திரத்தைத் தொடக் கூடாது, அதைத் தாண்டினால் காரணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் சொன்னது இவ்வளவுதான். 1947-48ல் அவரே இந்தியாவுக்கு வந்து இந்தியப் புள்ளியியல் கழகத்தோடு சேர்ந்து இதைப் பரப்பினார். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 397 என்ற எண்ணில் இந்த முறை எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. இது ஒன்றும் புதிய சரக்கு இல்லை.

சிப்பம் கட்டும் இடத்தில் இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். அரை மணிக்கு ஒரு முறை, அடுத்தடுத்து வரும் 5 சிப்பங்களை எடுத்துத் தனித் தராசில் நிறுத்த வேண்டும். தராசு 10 கிராமாவது பிரித்துக் காட்ட வேண்டும், 5 கிராம் என்றால் இன்னும் நல்லது. 50 கிராம் தாவித் தாவிக் காட்டும் தராசில் இந்த வேலைக்கு இறங்கவே வேண்டாம். 5 சிப்பமும் ஒரே எடை என்று காட்டும், அல்லது 50 கிராம் வித்தியாசம் காட்டும், நடுவில் ஒன்றும் இருக்காது. காலிச் சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு சாக்கை நிறுத்தினால் போதாது. புதுக் கட்டு பிரிக்கும்போதெல்லாம் பத்துச் சாக்கைச் சேர்த்து நிறுத்திப் பத்தால் வகுக்க வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் முத்திரையிட்ட 20 கிலோ படிக்கல்லை அதே தராசில் ஏற்றி, காட்டும் எடையைத் தாளின் ஓரத்தில் குறித்துவிட வேண்டும். தராசே பொய் சொன்னால் சார்ட்டும் பொய்தான் சொல்லும்.

ஒரு மாதிரியில் 25.040, 24.990, 25.070, 25.020, 25.030 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 25 கிலோவிலிருந்து எத்தனை கிராம் கூடுதல், குறைவு என்று மட்டும் எழுதினால் கணக்கு சுலபம்: +40, -10, +70, +20, +30. சராசரி +30. பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள இடைவெளி, அதாவது வீச்சு, 80. இப்படி 20 மாதிரிகள் சேரும் வரை கோடு எதுவும் போடாமல், இயந்திரத்தைக் கை வைக்காமல், எழுதிக்கொண்டே வர வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுதான்.

20 சராசரிகளின் சராசரி +30, 20 வீச்சுகளின் சராசரி 70 என்று வந்தால் மீதி வாய்ப்பாடு மாதிரி. ஐந்து ஐந்தாக எடுக்கும் மாதிரிக்குப் புள்ளியியல் அட்டவணை தரும் 0.577, 2.114 என்ற இரண்டு எண்கள் போதும். 70ஐ 0.577 ஆல் பெருக்கினால் 40. நடுக்கோடு +30, மேல்கோடு +70, கீழ்கோடு -10. இது சராசரிக்கான படம். இதற்குக் கீழே வீச்சுக்குத் தனிப் படம்: நடுக்கோடு 70, மேல்கோடு 70 பெருக்கல் 2.114, அதாவது 148. கீழ்கோடு பூஜ்யம். ஒரே தாளில் இரண்டு படமும் மேலும் கீழுமாக இருக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது கீழே உள்ள வீச்சுப் படத்தை. அது அடங்காத வரை மேலே உள்ள கோடுகளுக்கு மதிப்பில்லை, ஏனென்றால் அவை வீச்சிலிருந்து பிறந்தவைதான்.

தனித்தனி எடையையே புள்ளியாக வைத்தால் என்ன, எதற்கு ஐந்தின் சராசரி என்று கேட்பார்கள். மேலே சொன்ன ஆலையில் தனிச் சிப்பத்தின் திட்ட விலக்கம், அதாவது எடை சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 70ஐ அதே அட்டவணையின் 2.326 ஆல் வகுத்தால் வரும் 30 கிராம். எங்கோ ஏதோ கோளாறாகி எடை 40 கிராம் நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். சராசரிப் படத்தில் இரண்டு புள்ளிக்கு ஒன்று கோட்டைத் தாண்டும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தனிச் சிப்பமாகப் பார்த்தால் கோடு மூன்று திட்ட விலக்கம், அதாவது 90 கிராம், தள்ளி நிற்கும்; இருபதுக்கு ஒன்றுதான் தாண்டும், அதையும் “ஏதோ ஒன்று” என்று தள்ளிவிடுவார்கள்.

ஆலைகளில் அதிகம் நடக்கும் தவறு வேறு. தராசில் ஒரு சிப்பம் 40 கிராம் கூடினால் பேக்கிங் மிஷின் செட்டிங்கை 40 குறைப்பது, அடுத்தது 30 குறைந்தால் 30 கூட்டுவது. சுறுசுறுப்பான ஆள் என்று பெயர் கிடைக்கும். ஆனால் இயல்பாக ஆடும் இயந்திரத்தை ஒவ்வொரு சிப்பத்துக்கும் இப்படித் திருத்தினால் ஆட்டம் குறையாது, 1.41 மடங்காகப் பெருகும். 30 கிராம் திட்ட விலக்கம் 42 ஆகும். காரணம் எளிது: போன சிப்பத்தின் தற்செயலான பிழையைச் சுமந்துகொண்டு அடுத்த சிப்பம் தன் சொந்தப் பிழையையும் சேர்த்துக்கொள்கிறது. பகல் ஷிப்ட் ஏற்றிய செட்டிங்கை இரவு ஷிப்ட் இறக்குவதும் இதே வகைதான். கோட்டுக்குள் இருந்தால் கை வைக்காதே என்று எழுதி மிஷினில் ஒட்டிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

புள்ளி வெளியே போனால், அல்லது தொடர்ந்து 8 புள்ளிகள் நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால், அப்போது தேடலாம். இந்த இரண்டு விதி போதும். புத்தகங்களில் எட்டுப் பத்து விதிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் நாள் முழுக்கப் பொய்யான எச்சரிக்கையாகவே இருக்கும், பிறகு யாரும் சார்ட்டை மதிக்க மாட்டார்கள். கோட்டைத் தாண்டும் முதல் விதியில் மட்டும் பார்த்தால், எல்லாம் சரியாக இருக்கும்போது சுமார் 370 புள்ளிக்கு ஒன்றுதான் தவறாக வெளியே போகும். ஷிப்டுக்கு 16 புள்ளி என்றால் 23 ஷிப்டுக்கு ஒரு முறை. அந்த அளவு தொல்லையைத் தாங்கிக்கொள்ளலாம்.

தேடுவது எங்கே? வீச்சுப் படம் திடீரென்று எகிறினால் பெரும்பாலும் காற்று. கம்ப்ரஸர் அழுத்தம் இறங்கினால் எடைத்தொட்டியின் வாயில் ஒரு முறை சட்டென்று மூடும், ஒரு முறை இழுத்து மூடும். வாயில் மூடிய பிறகும் நடுவழியில் விழுந்துகொண்டிருக்கும் அரிசி ஒவ்வொரு முறையும் மாறும். பெல்ட் தளர்வு, குழாய் இணைப்பில் கசிவு, வாயிலில் சிக்கிய சணல் நூல், இவற்றை முதலில் பார்க்க வேண்டும். வீச்சு அமைதியாக இருந்து சராசரி மட்டும் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எடைத்தொட்டிக்குள் தவிட்டுத் தூசி படிகிறது என்று பொருள். தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பும் வசதியை அணைத்து வைத்திருந்தால் தூசியையும் அரிசியாக எண்ணி மிஷின் அரிசியைக் குறைத்துப் போடும். மிஷினுக்கு மேலே அரிசி நிற்கும் மேல்தொட்டியில் அரிசி தீரும் நேரத்தில் ஓட்டம் மெலிந்து எடை குறையும். மேல்தொட்டியின் மட்டம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் அந்தச் சரிவு மறையும். ஏ.டி.டி. 43 ஓடிக்கொண்டிருந்த இடத்தில் சி.ஆர். 1009 மாற்றினால் மணியின் பருமன் மாறி, நடுவழியில் விழும் அளவும் மாறும். ரகம் மாறும்போது ஒரு முறை செட்டிங்கைத் திருத்தலாம். அது நியாயமான திருத்தம், ஆனால் தாளில் எழுதிவிட்டுச் செய்ய வேண்டும்.

எழுதுவது என்று சொன்னேன். புள்ளி வெளியே போன அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே, அப்போதே, “ஜெனரேட்டருக்கு மாற்றியது”, “புதுச் சாக்குக் கட்டு”, “பாலிஷர் ஸ்கிரீன் மாற்றம்” என்று இரண்டு சொல் இருக்க வேண்டும். மாலையில் உட்கார்ந்து யோசித்து எழுதினால் பயனில்லை. கார் உதிரிபாகம் செய்யும் சில பட்டறைகளில் வாடிக்கையாளர் ஆய்வுக்கு வரும் முந்தின இரவு ஒரே பேனாவில் ஒரு மாதத்துச் சார்ட்டும் நிரப்பப்படும். குறிப்பு ஒன்றும் இல்லாத, புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே நிற்கும் அழகான சார்ட்டைக் கண்டால் எந்த ஆய்வாளரும் சந்தேகப்பட வேண்டும்.

அப்படி ஒட்டி நிற்பதற்கு வேறு காரணமும் உண்டு. இரண்டு எடைத்தலை உள்ள மிஷினில் 3 சிப்பம் ஒரு தலையிலிருந்தும் 2 சிப்பம் இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒரே மாதிரியாகக் கலப்பார்கள். ஒரு தலை +60, மற்றது பூஜ்யம் என்று இருந்தால் வீச்சு வீங்கும், கோடுகள் விலகிப் போகும், புள்ளிகள் நடுவில் சொகுசாக உட்காரும். தலைக்கு ஒரு சார்ட் என்று பிரித்தால்தான் குட்டு வெளிப்படும். கணினியில் எக்செல் வைத்திருப்பவர்களும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள்: எல்லா எடையையும் ஒரே பத்தியில் போட்டு மொத்தத் திட்ட விலக்கத்தை எடுத்துக் கோடு போடுகிறார்கள். நாள் நடுவில் எடை நகர்ந்திருந்தால் அந்த நகர்வும் கோட்டுக்குள் கலந்துவிடும், பிறகு எதுவும் வெளியே போகாது. கோடுகள் மாதிரிக்குள் உள்ள வீச்சிலிருந்துதான் வர வேண்டும்.

இன்னொரு குழப்பம், சட்டத்தின் எல்லையைச் சார்ட்டின் கோடாகப் போடுவது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளில் 15 கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலத்துக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 1 விழுக்காடு. 25 கிலோவுக்கு 250 கிராம். ஆனால் சராசரி 25 கிலோவுக்குக் குறையக் கூடாது. சார்ட்டில் 24.750ல் கோடு போட்டால் எதுவும் அதைத் தொடப் போவதில்லை, மிஷின் பாழாகிக்கொண்டிருப்பதும் தெரியப் போவதில்லை. சட்டம் சொல்வது நுகர்வோருக்கு. சார்ட் சொல்வது மிஷின் எப்படி நடந்துகொள்கிறது என்பது. இரண்டையும் ஒரே தாளில் போடாமல் இருப்பது நல்லது. (2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய பொட்டலத்துக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்த பிறகு பல ஆலைகள் 26 கிலோவுக்கு மாறிவிட்டன. சார்ட்டின் கணக்கு அதற்கும் இதேதான்.)

லாபக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. சராசரியை +30ல் வைத்திருக்கும் ஆலை, நாளுக்கு 1000 சிப்பம் போட்டால் 30 கிலோ அரிசியைச் சும்மா கொடுக்கிறது. சராசரியை நேராக +10க்கு இறக்கினால் சில மாதிரிகளின் சராசரி -30 வரை போகும். முதலில் ஆட்டத்தைப் பாதியாக்க வேண்டும்: காற்றழுத்தம், மேல்தொட்டி மட்டம், வாயில் சுத்தம். சராசரி வீச்சு 70லிருந்து 35க்கு வந்தால் கோட்டின் அகலம் 20ஆகும். அப்போது +10ல் வைத்தாலும் கீழ்கோடு பழைய -10லேயே நிற்கும். நாளுக்கு 20 கிலோ மிச்சம்.

இப்போது வாசகர்களின் புகாருக்கு வருகிறேன். மேலே சொன்ன ஆலையில் தனிச் சிப்பம் எவ்வளவு குறைந்தாலும் 24.940க்குக் கீழே போவது அபூர்வம். அப்படியிருக்க, கடையில் நிறுத்தும்போது 24.700 காட்டுவது எப்படி? திருட்டு என்று சொல்வதற்கு முன் ஈரத்தைப் பார்க்க வேண்டும். 14 விழுக்காடு ஈரத்தில் கட்டிய 25 கிலோவில் உலர்ந்த பொருள் 21.5 கிலோ. பிளாஸ்டிக் நெய்த சாக்கு காற்றை விடும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் கிடந்து ஈரம் 13க்கு இறங்கினால் அதே சிப்பம் 24.713 கிலோ. 287 கிராம் காற்றில் போயிற்று. 250 கிராம் எல்லையையும் தாண்டிப் போயிற்று. ஆகவே, எடைத்தராசுக்குப் பக்கத்தில் மட்டும் சார்ட் வைத்தால் பாதி வேலைதான். மீதிப் பாதி நெல்லை உலர்த்தும் டிரையரில் இருக்கிறது.

டிரையரில் ஐந்து ஐந்தாக எடுக்க முடியாது, ஒரு பேட்ச்சுக்கு ஒரு ஈரம்தான். அதற்கு வேறு சார்ட்: ஒவ்வொரு பேட்ச்சின் ஈரமும் ஒரு புள்ளி, முந்தின பேட்ச்சுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இன்னொரு புள்ளி. 25 பேட்ச்சின் சராசரி 13.6, வித்தியாசங்களின் சராசரி 0.3 என்றால், 0.3ஐ 2.66 ஆல் பெருக்கினால் 0.8. கோடுகள் 12.8, 14.4. வித்தியாசத்துக்கான மேல்கோடு 0.3 பெருக்கல் 3.267, ஏறக்குறைய 1. இந்த 12.8 முதல் 14.4 வரை என்பது அந்த டிரையரின் இயல்பு. அரிசியிலும் அதே அகலம் இருந்தால், 14.4ல் கட்டிய சிப்பம் 12.8க்குக் காயும்போது 460 கிராம் இழக்கும். டிரையர் ஆட்டத்தைக் குறைக்காமல் பேக்கிங் ஆளைத் திட்டிப் பயனில்லை.

ஈரம் அளப்பதிலும் ஒழுங்கு வேண்டும். டிரையரின் பத்து இடங்களில் கைப்பிடி எடுத்துக் கலந்து, ஆறவைத்து, பிறகுதான் மீட்டரில் போட வேண்டும். சூடான நெல்லைப் போட்டால் மீட்டர் உளறும். புழுங்கல் நெல், பச்சை நெல், அரிசி மூன்றுக்கும் மீட்டரில் தனித்தனி அளவு உண்டு. தவறான எண்ணில் வைத்துக்கொண்டு நாள்பூரா அளப்பவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு முறையாவது அரைத்த மாதிரியை அடுப்பில் 130 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து மீட்டரோடு ஒப்பிட வேண்டும். பாலிஷரில் தெளிக்கும் தண்ணீரும் அரிசியின் ஈரத்தை ஏற்றும் என்பதால் சிப்பம் கட்டும் இடத்திலும் மணிக்கு ஒரு முறை ஈரம் பார்க்க வேண்டும்.

குருணையும் டிரையரோடு சேர்ந்த விஷயமே. வெந்து வரும் நெல்லில் ஈரம் 30 முதல் 35 விழுக்காடு இருக்கும். அதை ஒரே மூச்சில் 14க்கு இறக்கினால் மணிக்குள் விரிசல் விழும், பாலிஷரில் உடையும். 16-18ல் நிறுத்தி, தொட்டியில் சில மணி நேரம் ஆறவிட்டு, இரண்டாம் முறை காயவைக்க வேண்டும். குறுவை அறுப்பு மழையில் மாட்டி லாரி வரிசை வாசலில் நிற்கும்போது இந்த ஆறவிடும் நேரம்தான் முதலில் வெட்டப்படும். குருணைச் சார்ட் இருந்தால் அந்த வாரத்தின் புள்ளிகள் மேலே ஏறி நிற்பது தெரியும். குருணை விழுக்காட்டுக்கு டிரையருக்குச் சொன்ன அதே சார்ட் போதும். விழுக்காடு என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, எண்ணிக்கைக்கான சார்ட்டில் போட வேண்டாம். குருணை எண்ணப்படுவதில்லை, நிறுக்கப்படுகிறது.

எண்ணிக்கைக்கான சார்ட் தையல் பிரிந்த சாக்குக்குத்தான் பொருந்தும். 200 சிப்பத்தில் சராசரியாக 6 பிரிகிறது என்றால் மேல்கோடு 13. ஒரு நாள் 11 பிரிந்ததற்காகத் தைப்பவரைக் கூப்பிட்டு ஏசினால் அது வீண் சண்டை, ஏனென்றால் 11 என்பது அந்த மிஷினின் வழக்கமான நாள்களில் ஒன்று. 14 வந்தால் ஊசி, நூல், மிஷின் எண்ணெய் ஆகியவற்றைப் பார்க்கலாம். 6 என்பதே அதிகம் என்று தோன்றினால் மிஷினையோ நூலையோ மாற்றுவது முதலாளியின் வேலை, தைப்பவரின் வேலை அல்ல.

உமி நீக்கும் ரப்பர் ரோல் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அது தேய்ந்துகொண்டே போவதால் உமி நீங்காத நெல்லின் அளவு ஏறிக்கொண்டே வரும்; அங்கே சாய்ந்த நடுக்கோடு போட்டு, ரோல் மாற்றிய நாளிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

கோடுகளை வாரா வாரம் மாற்றக் கூடாது. மிஷினில் உண்மையாகவே ஒரு மாற்றம் செய்து, அது நிலைத்துவிட்டது என்று புள்ளிகள் காட்டிய பிறகு, புது 20 மாதிரிகளை வைத்துப் போட்டால் போதும். பழைய தாள்களை எறியாமல் கட்டி வையுங்கள். எடையளவு ஆய்வாளர் வரும்போது தராசு மீது சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்டக் கூடிய நல்ல ஆதாரம் அது.

தஞ்சாவூரில் நிப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1967ல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சிக்கான சிறு ஆய்வகமாகத் தொடங்கியதுதான் அது. அவர்களும் பாலிடெக்னிக் ஆசிரியர்களும் குறுவை அரவை தொடங்குமுன் ஆலை முற்றத்திலேயே, வகுப்பறையில் அல்ல, பேக்கிங் ஆட்களுக்கு அரை நாள் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இதழில் கால் பக்கம் ஒதுக்கி, மேலே சராசரிக் கட்டம், கீழே வீச்சுக் கட்டம், ஓரத்தில் 0.577, 2.114, 2.66, 3.267 என்ற நான்கு எண்கள், அடியில் குறிப்பு எழுத இரண்டு வரி இடம் என்று ஒரு வெற்றுத் தாளை அச்சிடுங்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வது ஆலைக்காரர்களின் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீடாமங்கலம்.